கூடத்துக் கணினிகளில் பிகேஎக்ஸெக் ஓட்டை: அறிகுறி பார்த்து அடைக்கும் முறை

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே வந்தால், வழியிலுள்ள ஊர்கள் பலவற்றில் பத்துப் பதினைந்து பழைய மேசைக்கணினிகளைக் கொண்ட சிறிய கணினிக் கூடங்களைக் காணலாம். உரிமக் கட்டணம் இல்லை என்பதற்காகவே அவற்றிற் சிலவற்றில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்டிருக்கிறது. எல்லா மாணவர்களும் ஒரே பயனர் கணக்கினால் உள்நுழைவர். அதன் கடவுச்சொல் கரும்பலகையின் மூலையில் எழுதப்பட்டிருக்கும். களுவாஞ்சிக்குடிக்கு அண்மையில் இத்தகைய கூடம் ஒன்றின் பதினான்கு கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். அக்கரைப்பற்றிலும் வாழைச்சேனையிலும் இதே வேலையைச் செய்யும் நண்பர்கள் இடையிடையே தொலைபேசியில் கேட்கும் ஐயங்களையும் சேர்த்தே, பிகேஎக்ஸெக் என்னும் நிரலிலுள்ள பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் இவ்வழிமுறையை எழுதுகிறேன்.

இவ்வோட்டை உள்ளகச் சிறப்புரிமை உயர்வு என்னும் வகையைச் சேர்ந்தது; அதாவது, சாதாரணக் கணக்கு உள்ளவர் முழு நிர்வாக அதிகாரத்தையும் பெற்றுவிடுவது. இவ்வகை ஓட்டைகளைப் பலர் இரண்டாந்தரமாகவே கருதுகின்றனர். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் மட்டுந்தானே அதைப் பயன்படுத்த முடியும் என்பது அவர்களது வாதம். ஒருவர் மட்டும் பாவிக்கும் மடிக்கணினிக்கு அது ஓரளவு பொருந்தலாம். நாளொன்றுக்கு அறுபது பேர் அதே நாற்காலியில் அமர்ந்து அதே கணக்கில் உள்நுழையும் கூடத்தில் எல்லோருமே உள்ளிருப்பவர்கள்தாம். வெளியிலிருந்து வரும் தாக்குதலைவிட அங்கே இவ்வகை ஓட்டைதான் முதலில் அடைக்கப்பட வேண்டும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியுள்ளேன். முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்துகளிலேயே தட்டச்சுச் செய்ய வேண்டும்.

ஓட்டை எங்கே இருக்கிறது

பிகேஎக்ஸெக் என்பது, யார் எதைச் செய்யலாம் என்று அனுமதி தரும் போல்கிட் தொகுதியைச் சேர்ந்த சிறிய நிரல். சாதாரணப் பயனர் ஒருவர், அனுமதி பெற்ற பின், வேறொரு நிரலை, எல்லா அதிகாரமும் உடைய ரூட் பயனராக இயக்குவதற்கு அது உதவுகிறது. அந்தக் கோப்பின் உரிமையாளர் ரூட்; அதில் செட்யூஐடி என்னும் அடையாளம் இடப்பட்டிருப்பதால், யார் இயக்கினாலும் அது ரூட்டின் அதிகாரத்துடனேயே ஓடத் தொடங்கும். கோயில் வண்ணக்கர் களஞ்சியச் சாவியை ஒரு காவலரிடம் கொடுத்து, துண்டு கொண்டு வருபவருக்கு மட்டும் திறந்துவிடு என்று சொல்லி வைப்பதைப் போன்றது அது. காவலர் துண்டைச் சரியாக வாசிக்காவிட்டால், சாவி ஏற்கெனவே அவர் கையில் இருப்பதால் களஞ்சியம் திறந்துவிடும்.

பிகேஎக்ஸெக் வாசிக்கத் தவறிய துண்டு மிகவும் எளியது. ஒரு நிரல் தொடங்கும்போது அதன் பெயரும் அதற்குக் கொடுக்கப்பட்ட சொற்களும் ஒரு பட்டியலாக நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் குறைந்தது நிரலின் பெயராவது இருக்கும் என்று பிகேஎக்ஸெக்கை எழுதியவர்கள் எடுத்துக்கொண்டனர். ஆனால் முற்றிலும் வெறுமையான பட்டியலுடனும் ஒரு நிரலைத் தொடக்குவதற்கு லினக்ஸ் கருனி (இயங்குதளத்தின் மையப் பகுதி) அக்காலத்தில் இடமளித்தது. பட்டியல் வெறுமையாக இருந்தால், முதலாம் சொல்லைத் தேடிப் போகும் பிகேஎக்ஸெக், பட்டியலின் எல்லையைத் தாண்டி, அதற்கு அடுத்தாற்போல் நினைவகத்தில் இருக்கும் சூழல் மாறிகளுள் (நிரலுக்கு அமைப்பு விவரங்களைச் சொல்லும் பெயர்-மதிப்பு இணைகளுள்) முதலாவதை எடுத்துக்கொள்ளும். அதை ஒரு நிரலின் பெயர் என்று நம்பி, அந்த நிரல் இருக்கும் முழுப் பாதையைக் கண்டுபிடித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப எழுதியும் வைக்கும். அதாவது, தாக்குபவர் விரும்பும் ஒரு சூழல் மாறியை அந்த நிரல் தன் கையாலேயே எழுதிக்கொள்கிறது.

இதிலென்ன தீங்கு என்று கேட்கலாம். செட்யூஐடி நிரல் ஒன்று தொடங்கும்போது, நிரல்களை நினைவகத்தில் ஏற்றிவைக்கும் துணை நிரல் ஆபத்தான சூழல் மாறிகளை முன்கூட்டியே அகற்றிவிடும். எழுத்துக் குறியாக்க மாற்றத்துக்கான துணைக்கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் ஜிகான்வ்-பாத் (ஆங்கிலப் பேரெழுத்துகளில், இடையில் கீழ்க்கோட்டுடன் எழுதப்படுவது) என்னும் மாறி அவ்வாறு அகற்றப்படுவனவற்றுள் ஒன்று. மேலே கூறிய வழியில் அது அகற்றலுக்குப் பின்னர் மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது. பிறகு பிகேஎக்ஸெக் ஏதேனுமொரு பிழைச் செய்தியை அச்சிட முற்படும்போது எழுத்துக் குறியாக்க மாற்றம் தேவைப்பட, தாக்குபவர் வைத்த நூலகக் கோப்பு ரூட்டின் அதிகாரத்துடன் ஏற்றப்பட்டு இயங்குகிறது. கடவுச்சொல் எதுவும் கேட்கப்படுவதில்லை. போல்கிட் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை 2022 ஜனவரி 25 அன்று வெளிப்படுத்தினர். சிவிஈ-2021-4034 என்பது இதன் பதிவெண். பவ்ன்கிட் என்பது வழக்குப் பெயர். 2009 மே மாதத்தில் பிகேஎக்ஸெக் முதன்முதலாக எழுதப்பட்ட நாளிலிருந்தே, ஏறத்தாழப் பன்னிரண்டரை ஆண்டுகளாக, ஓட்டை அங்கே இருந்திருக்கிறது. வெறுமையான பட்டியலை ஓபன்பிஎஸ்டி என்னும் வேறோர் இயங்குதளத்தின் கருனி ஏற்க மறுப்பதால் அங்கே இத்தாக்குதல் பலிக்காது. லினக்ஸ் கருனி 5.18 பதிப்பிலிருந்து அத்தகைய பட்டியலில் ஒரு வெற்றுச் சொல்லைத் தானே இட்டுவிடுகிறது. இருப்பினும் கருனியை நம்பிப் பிகேஎக்ஸெக்கை அப்படியே விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் அளந்து பார்த்தல்

எந்த அறிகுறியாக இருந்தாலும், கணினியின் முன்னால் அமர்ந்தவுடன் மூன்றை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கோப்பின் அனுமதி. எல்எஸ் -எல் /யூஎஸ்ஆர்/பின்/பிகேஎக்ஸெக் என்று கொடுத்தால், வரியின் தொடக்கத்தில் உரிமையாளருக்கான மூன்று எழுத்துகளுள் கடைசியாக எஸ் இருக்கிறதா, எக்ஸ் இருக்கிறதா என்பது தெரியும். எஸ் இருந்தால் செட்யூஐடி உண்டு.

இரண்டாவது, பொதியின் (நிரலை நிறுவுவதற்கான கோப்புத் தொகுப்பின்) பதிப்பு. இங்கேதான் பலர் வழுக்குகின்றனர். பிகேஎக்ஸெக்கிடமே பதிப்பைக் கேட்டால், உபுண்டு 20.04 இல் அது திருத்தத்துக்கு முன்னரும் பின்னரும் 0.105 என்றே சொல்லும். ஏனெனில் உபுண்டுவும் டெபியன் என்னும் மற்றொரு லினக்ஸும், போல்கிட்டை எழுதுபவர்கள் வெளியிடும் மூலப் பதிப்பை மாற்றாமல், திருத்தத்தை மட்டும் அதே பதிப்புக்குள் கொண்டு வந்து, பொதி எண்ணின் வாலை மட்டும் கூட்டுகின்றன. மூலத்தின் 0.120 பதிப்பில் ஓட்டை இருக்கிறது; 0.105 என்று தொடங்கும் திருத்தப்பட்ட பொதியில் இல்லை. போல்கிட் இங்கே பாலிசிகிட்-1 என்னும் பொதியாக வருகிறது. எனவே ஏபிடி-கேஷ் பாலிசி பாலிசிகிட்-1 என்று கேட்டு முழு எண்ணையும் பார்க்க வேண்டும். உபுண்டு 20.04 இல் 0.105-26உபுண்டு1.2, உபுண்டு 18.04 இல் 0.105-20உபுண்டு0.18.04.6, டெபியன் 11 இல் 0.105-31+டெப்11யூ1 ஆகியவையோ அவற்றுக்குப் பிந்தியவையோ இருந்தால் திருத்தம் இறங்கியிருக்கிறது. டெபியன் 12 இல் பிகேஎக்ஸெக் தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால் பெயர் பொருந்தாமல் போகலாம். அப்போது டிபிகேஜி -எஸ் /யூஎஸ்ஆர்/பின்/பிகேஎக்ஸெக் என்று, எஸ் எழுத்தைப் பெரிய எழுத்தாகக் கொடுத்து, கோப்பு எந்தப் பொதிக்கு உரியது என்று கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, மாற்றக் குறிப்பு. ஏபிடி சேஞ்ச்லாக் பாலிசிகிட்-1 என்று கொடுத்து, வரும் நீண்ட குறிப்பில் 2021-4034 என்னும் எண் இருக்கிறதா என்று தேட வேண்டும். இதற்கு இணைய இணைப்புத் தேவை.

தாக்குதல் நிரலை இணையத்திலிருந்து இறக்கி ஓட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை நான் செய்வதில்லை. மாணவர்களையும் செய்ய விடுவதில்லை. யாரோ எழுதிய அந்த நிரல் வெற்றி பெற்றால் அது ரூட்டாக ஓடியிருக்கிறது என்று பொருள். வேறென்ன செய்துவிட்டுப் போயிற்று என்று அதன்பின் யாரால் சொல்ல முடியும்? பிறருடைய கணினியில் அனுமதியின்றி அதை முயல்வது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகவும் ஆகலாம்.

அறிகுறி: இற்றைப்படுத்த எதுவும் இல்லை என்கிறது, ஆனால் பதிப்பு பழையது

என்னிடம் அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். ஏபிடி அப்டேட், ஏபிடி அப்கிரேட் இரண்டையும் ஓட்டியாயிற்று, பிழை எதுவும் வரவில்லை, பதிப்போ அசையவில்லை என்பார்கள். பாலிசி கட்டளை நிறுவப்பட்ட பதிப்பையும் கிடைக்கக்கூடிய பதிப்பையும் அடுத்தடுத்த வரிகளில் காட்டும். காரணத்தை அவ்விரண்டையும் ஒப்பிட்டே கண்டுபிடிக்கலாம்.

கிடைக்கக்கூடிய பதிப்பு புதிதாகவும் நிறுவப்பட்டது பழையதாகவும் இருந்தால், அந்தப் பொதியை யாரோ பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏபிடி-மார்க் ஷோஹோல்ட் என்று கொடுத்தால் நிறுத்தப்பட்டவற்றின் பட்டியல் வரும். ஏபிடி-மார்க் அன்ஹோல்ட் கொடுத்து விடுவித்த பின் மீண்டும் மேம்படுத்தினால் போதும்.

இரண்டும் ஒரே பழைய பதிப்பாக இருந்தால், திருத்தம் வரும் வாசலே மூடப்பட்டிருக்கிறது. /எட்சி/ஏபிடி கோப்புறையில் உள்ள சோர்சஸ்.லிஸ்ட் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும். இலங்கையைத் தெரிவு செய்து உபுண்டு நிறுவும்போது பொதுவான பொதிகளுக்கு எல்கே என்று தொடங்கும் நாட்டுக் கண்ணாடித் தளமும் (பொதிகளின் பிரதிகளை வைத்திருக்கும் தளம்), பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மையத் தளமும் என இருவகை வரிகள் எழுதப்படுகின்றன. தரவைச் சேமிப்பதற்காக எவராவது முழுக் கோப்பையும் அழித்துவிட்டு வேறொரு கண்ணாடித் தளத்தின் ஒற்றை வரியை மட்டும் எழுதியிருந்தால், ஃபோக்கல்-செக்கியூரிட்டி என்று முடியும் வரி காணாமற் போயிருக்கும். 20.04 க்கு ஃபோக்கல், 18.04 க்கு பயோனிக் என்று வெளியீட்டின் பெயரைச் சரிபார்த்து அவ்வரியைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

வரிகள் சரியாக இருந்தும் பதிப்பு அசையாவிட்டால், வெளியீட்டின் ஆயுளே முடிந்திருக்கிறது. உபுண்டு 14.04, 16.04 ஆகியவற்றின் பொதுவான ஆதரவு இவ்வோட்டை வெளிப்படுவதற்கு முன்னரே முடிந்துவிட்டதால், அவற்றுக்கான திருத்தம் நீட்டிக்கப்பட்ட ஆதரவில் பதிந்த கணினிகளுக்கு மட்டுமே வந்தது. அதே ஆதரவு இப்போது உபுண்டு புரோ என்னும் பெயரில், தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ஐந்து கணினிகள் வரை இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பதினான்கு கணினிக் கூடத்துக்கு அது விடையாகாது. 18.04 இன் பொதுவான ஆதரவு 2023 மே மாதத்திலும், 20.04 இன் ஆதரவு 2025 மே மாதத்திலும் முடிந்தன. அவையிரண்டிலும் பவ்ன்கிட் திருத்தம் உண்டு என்றாலும், அடுத்த ஓட்டைக்கு அங்கே திருத்தம் வராது. 16.04 இயங்கும் கணினியில் பிகேஎக்ஸெக்கின் எஸ் எழுத்தை அகற்றிவிட்டு, விடுமுறை வந்ததும் புதிய வெளியீட்டை நிறுவுவதே நான் செய்தது.

அறிகுறி: இற்றைப்படுத்தல் பாதியில் நின்றது, இப்போது ஏபிடி எதையும் நிறுவ மறுக்கிறது

இத்திருத்தம் வெளியான காலம் நமக்கு எப்படிப்பட்ட காலம் என்பதை மறந்துவிட முடியாது. 2022 மார்ச் இறுதியில் மின்துண்டிப்பு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. யூபிஎஸ் மின்கலங்கள் செத்துப் போயிருந்த கூடங்களில், மின்சாரம் வந்த சிறிய இடைவெளியில் தொடங்கிய இற்றைப்படுத்தல்கள் பாதியில் அறுந்தன. அன்று அறுந்த நிலையிலேயே பல மாதம் கிடந்த கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். வகுப்புக்குத் தேவையான நிரல்கள் எல்லாம் ஓடியதால் எவருக்கும் ஐயம் எழவில்லை.

இங்கே டிபிகேஜி -எல் பாலிசிகிட்-1 என்ற கட்டளை தரும் வரியின் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஐ என்றால் பொதி முழுமையாக நிறுவப்பட்டிருக்கிறது. இரண்டாவது எழுத்து யூ என்றால் பொதி பிரிக்கப்பட்டும் அமைக்கப்படவில்லை. எஃப் என்றால் அமைத்தல் பாதியில் நின்றது. எச் என்றால் நிறுவலே பாதியில் நின்றது. முதலில் சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ என்று கொடுத்து எஞ்சிய வேலையை முடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு சூடோ ஏபிடி -எஃப் இன்ஸ்டால் என்று கொடுத்து முறிந்த சார்புகளைச் சரிசெய்ய வேண்டும். பூட்டுக் கோப்பு தடுக்கிறது என்று செய்தி வந்தால் அதை உடனே அழித்துவிடக் கூடாது. பின்னணியில் தானியங்கி இற்றைப்படுத்தல் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம்; பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

மின்சாரம் போன கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு வெறுமையாகவோ சிதைந்தோ இருப்பதும் உண்டு. டிபிகேஜி --வெரிஃபை பாலிசிகிட்-1 என்று கேட்டு, பதில் எதுவும் வராவிட்டால் உள்ளடக்கம் சரி. வரி ஏதேனும் வந்தால், --ரீஇன்ஸ்டால் விருப்பத்துடன் பொதியை மீண்டும் நிறுவ வேண்டும். இந்தச் சரிபார்ப்பு உள்ளடக்கத்தை மட்டுமே பார்க்கும்; கோப்பின் அனுமதி மாற்றப்பட்டிருந்தால் அது வாய் திறக்காது என்பதை மனத்தில் வைக்கவும்.

இணைய இணைப்பே இல்லாத கூடமானால், அதே வெளியீடும் அதே 32 அல்லது 64 பிட் வகையும் கொண்ட வேறொரு கணினியில் ஏபிடி-கெட் டவுன்லோட் கட்டளையால் பொதிகளை இறக்கிப் பென் ட்ரைவில் கொண்டு செல்லலாம். பாலிசிகிட்-1 பொதியை மட்டும் கொண்டு போய்ச் சார்பு முறிந்தது என்ற செய்தியுடன் ஒலுவில் வரை சென்று திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. லிப்போல்கிட்-ஏஜென்ட், லிப்போல்கிட்-ஜிஆப்ஜெக்ட் ஆகிய துணைப் பொதிகளும் அதே பதிப்பில் இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் இட்டு, ஒரே டிபிகேஜி கட்டளையில் சேர்த்து நிறுவுவதே முறை.

அறிகுறி: ஜிபார்ட்டெட், சினாப்டிக் போன்றவை திறக்கவில்லை

பட்டியலில் சொடுக்கினால் ஒன்றும் நிகழாது. முனையத்தில் தொடக்கிப் பார்த்தால், பிகேஎக்ஸெக் செட்யூஐடி ரூட்டாக இருக்க வேண்டும் என்னும் பொருளுடைய ஓர் ஆங்கில வரி வரும். இது பழுதன்று. ஓட்டை வெளியான நாள்களில், திருத்தம் வரும் வரை பிகேஎக்ஸெக்கின் அனுமதியை 0755 ஆக மாற்றுமாறு பரவலாக அறிவுறுத்தப்பட்டது. எஸ் எழுத்தை எடுத்துவிட்டால் நிரல் ரூட்டாக ஓடவே முடியாது, ஆகவே ஓட்டையும் பயனற்றுப்போகும். யாரோ அந்த அறிவுரையைப் பின்பற்றிவிட்டு மறந்துவிட்டார்கள்.

பொதியின் பதிப்பு திருத்தப்பட்டதுதான் என்று உறுதி செய்த பின்னரே எழுத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் அடைத்த ஓட்டையை நாமே திறந்துவிட்டவர்களாவோம்.

சிஎச்மோட் கட்டளையால் மட்டும் எடுத்திருந்தால், அடுத்த மேம்படுத்தலின்போது பொதி தன் இயல்பான அனுமதியைத் தானே திரும்ப இட்டுக்கொள்ளும். இதில் ஒரு கெடுதியும் உண்டு: திருத்தம் இல்லாத பழைய பொதியை எவராவது மீண்டும் நிறுவினால், தற்காலிகக் காப்பு சத்தமின்றி மறைந்துவிடும். ஆகவே ஆதரவு முடிந்த கணினிகளில் நான் சிஎச்மோட்டை நம்புவதில்லை. டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைட் --அப்டேட் --ஆட் ரூட் ரூட் 0755 /யூஎஸ்ஆர்/பின்/பிகேஎக்ஸெக் என்று கொடுத்தால், எத்தனை முறை பொதி மாறினாலும் இந்த அனுமதி நிலைத்திருக்கும்.

திருத்தம் இறங்கிய பின்னரும் எஸ் எழுத்து திரும்பி வராத கணினியில் முன்பு ஒருவர் இதையே செய்திருக்கக்கூடும். டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைட் --லிஸ்ட் என்று கேட்டால் தெரியும். --ரிமூவ் விருப்பத்தால் அந்தப் பதிவை நீக்கிவிட்டு, சிஎச்மோட் 4755 கொடுக்க வேண்டும். உரிமையாளரையும் மாற்ற வேண்டியிருந்தால் சிஎச்ஓன் கட்டளையை முதலில் ஓட்டுக. உரிமையாளரை மாற்றும்போது கருனி எஸ் எழுத்தை அழித்துவிடும் என்பதால், பிந்தி ஓட்டினால் மீண்டும் அதே பிழைக்குத் திரும்புவீர்கள்.

இதன் தம்பி போன்ற இன்னோர் அறிகுறியும் உண்டு. கடவுச்சொல் கேட்கும் சாளரம் வரும், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ஏற்காது. அவசரத்தில் போல்கிட் தொடர்பான எல்லாக் கோப்புகளிலிருந்தும் எஸ் எழுத்தை அகற்றியவர்களின் கணினியில் இது நிகழும். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது போல்கிட்-ஏஜென்ட்-ஹெல்ப்பர்-1 என்னும் வேறொரு செட்யூஐடி நிரல். பவ்ன்கிட் ஓட்டை அதில் இல்லை. பொதியை மறுபடி நிறுவினால் அதன் அனுமதி மீளும்.

சீராக்கிய பின் கணினியை மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை. பிகேஎக்ஸெக் தொடர்ந்து ஓடும் சேவையன்று. ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் வட்டிலிருந்து புதிதாகவே தொடங்குகிறது.

அறிகுறி: வழங்கி சரி, மாணவர் திரைகளில் பழைய பதிப்பு

எல்டிஎஸ்பி முறையில் ஒரே வழங்கியிலிருந்து (மற்றவற்றுக்குச் சேவை தரும் மையக் கணினியிலிருந்து) எல்லாத் திரைகளையும் இயக்கும் கூடங்களுக்கு மட்டும் உரியது இது. வழங்கியில் மூன்று அளவைகளும் சரியாக இருக்கும்; மாணவர் திரையில் அதே கட்டளை பழைய எண்ணைக் காட்டும். வலையமைப்பு வழியே தொடங்கும் கணினிகள், முன்பொரு நாள் எடுத்து வைத்த படிமத்திலிருந்து எழுகின்றனவே தவிர வழங்கியின் இன்றைய நிலையிலிருந்து எழுவதில்லை. பழைய எல்டிஎஸ்பி 5 இல் /ஆப்ட்/எல்டிஎஸ்பி கோப்புறையின் கீழ்த் தனியாக ஒரு முழு இயங்குதளம் இருக்கும். எல்டிஎஸ்பி-சிஎச்ரூட் மூலம் அதற்குள் நுழைந்து அங்கே மேம்படுத்தி, வெளியே வந்து எல்டிஎஸ்பி-அப்டேட்-இமேஜ் ஓட்ட வேண்டும். புதிய எல்டிஎஸ்பியில் வழங்கியையே படிமமாக்கியிருந்தால் எல்டிஎஸ்பி இமேஜ் / என்ற ஒரு கட்டளை போதும். அதன்பின் மாணவர் கணினிகளை அணைத்து எழுப்ப வேண்டும். மேலே மறுதொடக்கம் வேண்டாம் என்றது இவற்றுக்குப் பொருந்தாது.

இதே வேளையில், ரூட் அதிகாரத்துடன் கட்டளைகளை ஓட்ட உதவும் சூடோவையும் பார்த்துவிடுவது வேலையை மிச்சப்படுத்தும். 2021 ஜனவரியில் வெளியான சிவிஈ-2021-3156 என்னும் ஓட்டை சூடோவில் 2011 முதல் இருந்தது; 1.9.5பி2 பதிப்பில் அடைக்கப்பட்டது. சாதாரணப் பயனராக இருந்து சூடோஎடிட் -எஸ் / என்று கொடுத்தால், திருத்தப்பட்ட நிரல் தன் பயன்பாட்டு முறையை விளக்கும் வரியுடன் தொடங்கும். திருத்தப்படாதது சூடோஎடிட் என்ற தன் பெயருடன் தொடங்கும் பிழையைத் தரும்.

அறிகுறி: பதிவேட்டில் பிகேஎக்ஸெக் பற்றிய விநோதமான வரிகள்

மற்றவற்றைப் போல இதை எடுத்துக்கொள்ள முடியாது, ஏனெனில் இங்கே ஓட்டையை அடைப்பது பாதி வேலைகூட அன்று. சூடோ கிரெப் பிகேஎக்ஸெக் /வார்/லாக்/ஆத்.லாக் என்று தேடும்போது, ஷெல் மாறியின் மதிப்பு ஷெல்ஸ் கோப்பில் காணப்படவில்லை என்றோ, சூழல் மாறி ஒன்றில் ஐயத்துக்கிடமான உள்ளடக்கம் இருக்கிறது என்றோ பொருள்படும் வரிகள் வந்தால், பவ்ன்கிட் நிரல் ஒன்றை எவரோ ஓட்டியிருக்க வாய்ப்பு மிகுதி. பிழைச் செய்தியைத் தூண்டுவதுதான் தாக்குதலின் ஒரு படி என்று மேலே சொன்னேன். அந்தச் செய்தியே பதிவேட்டிலும் விழுகிறது. ஆனால் வரி இல்லாததால் தாக்குதலும் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. தடயம் விடாமலும் இதைச் செய்ய முடியும் என்பதைக் கண்டுபிடித்தவர்களே கூறியிருக்கிறார்கள். உபுண்டுவின் இயல்பு அமைப்பில் இப்பதிவேடு வாரந்தோறும் சுழற்றப்பட்டு நான்கு பழைய பிரதிகளே வைக்கப்படுகின்றன. ஒரு மாதத்துக்கு முந்தியது கையில் இராது.

ஆகவே கோப்புமுறைமையிலும் தேட வேண்டும். பரவலாகக் கிடைத்த தாக்குதல் நிரல்கள், ஜிகான்வ்-பாத் என்ற மாறியின் பெயரைத் தொடர்ந்து சமக் குறியும் புள்ளியும் கொண்ட விநோதமான பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்குகின்றன. அப்பெயரில் தொடங்கும் எதையும் ஃபைண்ட் கட்டளையால் முழு வட்டிலும் தேடலாம். எங்கள் கூடத்தில் ஒன்பதாம் இலக்கக் கணினியில் மாணவர் கணக்கின் பதிவிறக்கக் கோப்புறைக்குள் அத்தகைய ஒன்றைக் கண்டேன். கோப்புறையின் திகதி திருத்தம் நிறுவப்பட்டதற்கு மூன்று நாள் முந்தியதாக இருந்தது.

அந்நிலையில் நான் பின்பற்றிய ஒழுங்கைச் சொல்கிறேன். வலையமைப்புக் கம்பியை முதலில் கழற்றினேன், கணினியை அணைக்கவில்லை. பதிவேடுகளையும் அந்தக் கோப்புறையையும் வெளி வட்டில் பிரதி எடுத்தேன். ஃபைண்ட் / -பெர்ம் -4000 -டைப் எஃப் என்று ரூட்டாகக் கொடுத்து, செட்யூஐடி கோப்புகள் அனைத்தையும் பட்டியலிட்டு, திருத்தமான வேறொரு கணினியின் பட்டியலுடன் வரிக்கு வரி ஒப்பிட்டேன். சூடோ, எஸ்யூ, பாஸ்வேர்டு மாற்றும் நிரல், மவுன்ட் போன்றவை இயல்பாக இருக்க வேண்டியவை. பயனர் கோப்புறைக்குள்ளோ டெம்ப் கோப்புறைக்குள்ளோ ஒன்று இருந்தால் அது பின்கதவு. பாஸ்வேர்டு கோப்பில் பூச்சியம் என்ற பயனர் எண் ரூட்டைத் தவிர வேறெவருக்கும் இருக்கக் கூடாது. தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ரூட்டின் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பு, குறித்த நேரத்தில் தாமே ஓடும் கிரான் பணிகள், எட்சி கோப்புறையில் எல்டி.எஸ்ஓ.பிரிலோட் என்னும் கோப்பு ஆகியவற்றையும் பார்த்தேன். சாதாரண உபுண்டுவில் கடைசியாகச் சொன்ன கோப்பு இருக்காது.

ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அக்கணினியைத் துடைத்து மீண்டும் நிறுவினேன். ரூட்டாக ஒரு முறை நுழைந்தவர், நான் தேடப் பயன்படுத்திய எல்எஸ், ஃபைண்ட் ஆகியவற்றையே மாற்றி வைத்திருக்கலாம். அதே கணினியிடம் அதைப் பற்றியே சாட்சி கேட்பதில் பொருளில்லை. கூடத்தின் நிர்வாகிக் கடவுச்சொல் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாக இருந்ததால், பதினான்கிலும் மாற்ற வேண்டியதாயிற்று. பொறுப்பாளராக இருந்த அக்காவின் வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் ஒன்பதாம் இலக்கத்தில் அவ்வப்போது திறக்கப்பட்டவை என்று தெரிந்ததும், அந்தக் கடவுச்சொற்களையும் அவரது கைத்தொலைபேசியிலிருந்து அன்றே மாற்றினோம்.

யார் ஓட்டியது என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை; அறுபது பேருக்கு ஒரே கணக்கு இருக்கும் இடத்தில் பதிவேடு எல்லோரையும் ஒரே பெயரால்தான் அழைக்கும். அடுத்த தவணை தொடங்கும் முன் ஒவ்வொரு மாணவருக்கும் தனிக் கணக்கு உருவாக்கினேன். ஹோம், டெம்ப் இரண்டையும் தனிப் பிரிவுகளாக்கி, நோஸ்யூஐடி விருப்பத்துடன் ஏற்றும்படி எஃப்எஸ்டாப் கோப்பில் எழுதினேன். பவ்ன்கிட்டை அது தடுக்காது. பின்னர் அவ்விடங்களில் செட்யூஐடி பின்கதவு வைப்பதை மட்டும் தடுக்கும். கரும்பலகையின் மூலையிலிருந்த கடவுச்சொல்லையும் அன்றே அழித்தேன்.